பனியாறு விட்டுச்சென்ற குன்றுகளுக்கும் அவற்றின் ஊற்றுகளுக்கும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

இல்லினாய் மாநில ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும், மாநில இயற்கைக் காப்பிட ஆணையத்துக்கும், குக் கவுண்டி வனக் காப்பக நிர்வாகத்துக்கும், எல்ஜின் நகர மன்றத்துக்கும், ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரளை தோண்டுவோருக்கும், இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதை முன்வைக்கிறோம்.

எல்ஜின் நகரின் தென்கிழக்கு ஓரத்தில், புளஃப் சிட்டி கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, சுமார் 160 ஏக்கரில் ஒரு சிறிய இயற்கைக் காப்பிடம் இருக்கிறது. பெயர் புளஃப் ஸ்பிரிங் ஃபென். சிகாகோவிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சுற்றிலும் சாலைகள், கடைகள், சரளை தோண்டிய பள்ளங்கள், வீட்டுமனைகள். பெரிய தேசியப் பூங்காக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பார்வையில் இங்கே ஒன்றும் பிடிபடாது. புல் மூடிய சில மேடுகள், அவற்றின்மேல் விலகி விலகி நிற்கும் பர் ஓக் மரங்கள், கீழே எப்போதும் ஈரம் காயாத தாழ்நிலம், அவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிட்டால், பிறகு எவராலும் ஒட்டிவைக்க முடியாது. அந்த உறவைக் காக்கக் கேட்பதே இந்தச் சாசனம்.

இந்த மேடுகளைப் பனியாறு போட்டுவிட்டுப் போனது. 15,000 ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய மிச்சிகன் ஏரிப் பள்ளத்தின் வழியாக இறங்கிவந்த பனிப்பாளம் இங்கே உருகிக் கரைந்தது. உருகிய நீர் பனியின் விரிசல்களிலும் குழிகளிலும் ஓரங்களிலும் மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து கொட்டியது. பனி முழுதும் மறைந்தபோது, கொட்டிய குவியல்கள் அப்படியே நிலத்தில் அமர்ந்து குன்றுகளாயின. புவியியலாளர்கள் இவற்றைக் கேம் என்பார்கள். அதில் உள்ள கல்லின் பெரும்பகுதி, பனியாறு இப்பகுதியின் பாறைப் படுகையிலிருந்து அரைத்து எடுத்துவந்த டோலமைட். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கல் அது.

குன்றின் மேல் பெய்யும் மழை அங்கே தங்குவதில்லை. சரளை வழியே இறங்கிவிடுகிறது. அதனால் குன்றின் உச்சி வறண்ட நிலம். அங்கே லிட்டில் புளூஸ்டெம், சைட் ஓட்ஸ் கிராமா போன்ற, வறட்சியைத் தாங்கும், பிரெய்ரி எனப்படும் புல்வெளியின் புற்களே நிலைக்கும். இறங்கிய நீர் டோலமைட் கற்களுக்கிடையே மெதுவாக நகர்ந்து, அவற்றின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, குன்றின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ ஒரே குளிர்ச்சி, காரத்தன்மை, மிகக் குறைந்த ஊட்டச்சத்து: இந்த மூன்றும் சேர்ந்த நீர் சாதாரணச் சதுப்புச் செடிகளுக்கு ஒத்துவராது. ஒத்துப்போகும் செடிகளோ வேறெங்கும் எளிதில் வாழாதவை. மே மாதத்தில் வெண்ணிறச் சிறு லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பூக்கிறது. ஆகஸ்டில் கிராஸ் ஆஃப் பர்னாசஸ். செப்டம்பரில் நீல நிற ஃபிரிஞ்ச்டு ஜென்ஷியன். வட அமெரிக்கத் தும்பிகளில் மிகச் சிறியதான எல்ஃபின் ஸ்கிம்மர் இந்த ஊற்றுச் சதுப்பில் பறக்கிறது. குன்றின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே சில நூறு அடி நடந்தால் இரண்டு வேறு உலகங்களைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நீர் ஒன்றுதான்.

1970களின் பிற்பகுதியில் இந்த இடம் குப்பைமேடு. பழைய கார்களும் இடிபாடுகளும் இங்கே வந்து விழுந்தன. மோட்டார் சைக்கிள்கள் சரிவுகளில் ஏறி இறங்கி மண்ணைக் கிழித்தன. குன்றுகளில் ஒரு பகுதி சரளைக்காகவே தோண்டப்பட்டிருந்தது. அந்த நிலையில் இதைக் கண்டு, இங்கே என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட சிலர் வார இறுதிகளில் வந்து குப்பையை அள்ளினார்கள், புதர்களை வெட்டினார்கள், விதை சேகரித்து விதைத்தார்கள். சம்பளம் கிடையாது. அவர்களில் பலர் தங்கள் நடுவயது முழுவதையும் இந்த 160 ஏக்கரில் கழித்திருக்கிறார்கள். 1990 வாக்கில், சில மைல்களுக்கு அப்பால் ஹீலி சாலை அருகே இன்னொரு கேம் குன்றின்மேல் இருந்த பிரெய்ரி, சரளைக் குவாரிக்குள் போகவிருந்தபோது, அதன் புல்தரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். அது பெருமைப்பட வேண்டிய உழைப்பு. ஆனால் அந்தக் குன்று போய்விட்டது. அதன் அடியில் இருந்த நீர்வழியை யாராலும் பெயர்த்து எடுத்து வர முடியவில்லை. பதினைந்தாயிரம் ஆண்டு பழைய சரளைக் குவியலை உருவாக்க இனி ஒரு பனியாறு வரப்போவதும் இல்லை.

தமிழ்நாட்டில் ஏரிப் பாசன ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கரையை எவ்வளவு பலப்படுத்தினாலும், வரத்துக்காலை மனைபோட்டு விற்றுவிட்டால் ஏரி செத்துவிடும். இங்கேயும் அதுவே நிலை. காப்பிடத்தின் வேலி, ஊற்று கண் திறக்கும் இடத்தைச் சுற்றி நிற்கிறது. அந்த ஊற்றுக்கு நீர் தரும் நிலமோ வேலிக்கு வெளியே சாலைகளின் அடியிலும், கடைகளின் கார் நிறுத்துமிடங்களின் அடியிலும், எங்கள் வீடுகளின் அடியிலும் விரிந்து கிடக்கிறது. வேலிக்கு உள்ளே சட்டம் வலுவாக இருக்கிறது. வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லை. எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை.

நீர் இறங்கும் நிலத்துக்கு வரைபடமும் சட்டமும்

முதலில் கேட்பது ஒரு வரைபடம். ஒவ்வொரு ஊற்றுச் சதுப்புக்கும் எந்த எந்த நிலத்திலிருந்து நீர் வருகிறது என்பதை மாநிலப் புவியியல் ஆய்வகமும் மாநில நீர் ஆய்வகமும் அளந்து, வரைந்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எந்தக் கட்டட அனுமதிக்கான விண்ணப்பத்திலும் அந்த வரைபடம் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கிடங்குக்கோ புதிய குடியிருப்புக்கோ நகர மன்றம் கையெழுத்திடும்போது, அந்த நிலத்தின் நீர் எங்கே போய் எழுகிறது என்று தெரியாமல் கையெழுத்திடக் கூடாது.

வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊற்றைக் காக்க முடியாது. இல்லினாய் மாநிலத்தின் நிலத்தடி நீர்த் தர விதிகளில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று உண்டு. காப்பிடங்களுக்கு நீர் தரும் நிலத்தடி நீரைச் சிறப்பு வளமாக அறிவித்து, மற்ற நீருக்கு இல்லாத கூடுதல் பாதுகாப்பைத் தர அது வழிசெய்கிறது. நல்ல விதி. ஆனால் அது இடம் இடமாகக் கோரிப் பெறவேண்டிய ஒன்றாக இருக்கிறது. அதோடு, அது நீரின் தரத்தைப் பேசுகிறதே தவிர அளவைப் பேசுவதில்லை. ஊற்று மாசடையாமலே வற்றிப்போகலாம். ஆகவே, சட்டப்படி காப்பிடமாக அர்ப்பணிக்கப்பட்ட எல்லா ஊற்றுச் சதுப்புகளின் நீரேற்ற நிலத்துக்கும், அதாவது மழைநீர் இறங்கி ஊற்றுக்குப் போகும் நிலத்துக்கும், மூன்றாம் வகுப்புத் தகுதி தானாகவே கிடைக்க வேண்டும். அந்த நிலத்தில் புதிதாக ஆழமற்ற கிணறு தோண்டி இறைக்கவும், பெரும் பரப்பைத் தார் போட்டு மூடவும் தனி அனுமதி தேவை என்று விதிக்க வேண்டும். ஏற்கெனவே மூடப்பட்ட பரப்புகளில், மழைநீரைக் குழாயில் பிடித்து ஆற்றுக்கு அனுப்புவதை விட்டு, கூரையில் விழும் சுத்தமான நீரையாவது அந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

சரளைக்கு விலை இருக்கிறது. குன்றுக்கு மாற்று இல்லை

சாலை போடுவதற்கும் கான்கிரீட்டுக்கும் சரளை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. நாங்கள் வண்டி ஓட்டும் சாலைகளும் அதில்தான் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஊற்றுக்கு நீர் தரும் குன்றைத் தோண்டுவதும், ஊற்று இல்லாத சமவெளியில் தோண்டுவதும் சமமாகாது. குவாரி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது, வேலை நடக்க வேண்டி நீரை இறைத்துக் கொட்டுகிறார்கள். சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. வேலை முடிந்த பின் குழி ஏரியாகத் தேங்கி, நீர் ஆவியாகிறது. மழையை வடிகட்டிக் கீழே அனுப்பிய சரளை அங்கே இல்லை.

எனவே கேட்கிறோம்: காப்பிடங்களின் நீரேற்ற நிலத்துக்குள் புதிய குவாரி அனுமதி வேண்டாம். ஏற்கெனவே இயங்கும் குவாரிகள் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, அளவுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஊற்றின் மட்டம் குறைகிறது என்று தெரிந்தால் இறைப்பு நிற்க வேண்டும். நிறுத்திவிட்ட குவாரிகளை நிரப்பும்போது கட்டட இடிபாட்டைக் கொண்டு நிரப்பக் கூடாது. சரளை நிறுவனங்களின் உரிமையாளர்களிடம் நேராக ஒரு வேண்டுகோள்: உங்கள் நிலத்தில் இன்னும் தோண்டப்படாத கேம் குன்று ஏதேனும் இருந்தால், தோண்டும் இயந்திரத்தை அனுப்புமுன் ஒரு தாவரவியலாளரை அனுப்புங்கள்.

உப்பு

இந்தக் கோரிக்கையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் குற்றவாளி எனத் தனியாக எவரையும் சுட்ட முடியாது, எல்லோரும் பங்காளிகள்.

நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே சாலையிலும் நடைபாதையிலும் கார் நிறுத்துமிடங்களிலும் வீட்டு வாசல்களிலும் உப்பு கொட்டப்படுகிறது. பனி உருகியதும் அது கண்ணிலிருந்து மறைகிறது. உப்பிலுள்ள குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னாது. நீரோடு சேர்ந்து, சரளை வழியே, மழை போன அதே பாதையில் போய் ஊற்றில் எழும். குன்றின் சரளை சேற்றை வடிகட்டும், உப்பை வடிகட்டாது. இன்று கொட்டிய உப்பு எப்போது ஊற்றுக்கு வந்துசேரும் என்பது அந்தந்த நிலத்தின் நீரோட்டத்தைப் பொறுத்தது, ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் தாமதம் ஆபத்தானது. ஊற்றில் உப்பு ஏறியது தெரிந்தபின் சாலையில் உப்பை நிறுத்தினாலும், ஏற்கெனவே நிலத்துக்குள் இறங்கிவிட்டது வந்துகொண்டேதான் இருக்கும். உப்பேறிய சதுப்பில் குறுகிய இலைச் சம்பும் ஃபிராக்மைட்ஸ் நாணலும் பெருகி, ஜென்ஷியனும் ஆர்க்கிடும் நின்ற இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு வராமல் இருக்க, லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு என்ற வரம்பை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-லேயே பரிந்துரைத்துவிட்டது. இல்லினாய் மாநிலத்தின் பொது நீர்நிலைத் தர அளவு 500. இரண்டு மடங்குக்கும் மேல். ஊற்றுச் சதுப்புகளிலாவது 230-ஐ மாநிலம் உடனே ஏற்க வேண்டும்.

சாலைகளில் விபத்து நடக்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்பவர்கள் நாங்கள். குறைந்த உப்பில் அதே பாதுகாப்பைப் பெற முடியும் என்பது நிரூபணமான வழக்கம். பனி விழுமுன்னே உப்புக் கரைசலைத் தெளித்தால், விழுந்தபின் கொட்டுவதைவிட மிகக் குறைவான உப்பே போதும். தூவும் வண்டிகளை ஆண்டுதோறும் அளவு சரிபார்க்க வேண்டும். சாலையின் மேற்பரப்பு வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது மேலும் மேலும் கொட்டுவது வீண். எல்ஜின் நகரமும் குக் கவுண்டியும் காப்பிடத்தின் நீரேற்ற நிலத்தைக் குறை உப்பு மண்டலமாக அறிவித்து, அங்குள்ள சாலைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் எவ்வளவு உப்பு போட்டோம் என்ற கணக்கை வெளியிட வேண்டும்.

பெரும் கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் நிலைமை இன்னும் மோசம். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ஒப்பந்தக்காரர்கள் தேவைக்கு மேல் குவிக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதைப் போக்க வேண்டியது சட்டத்தின் வேலை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013-லிருந்து, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கி, முறைப்படி உப்பிடும் ஒப்பந்தக்காரர்களுக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து வரையறைக்கு உட்பட்ட பாதுகாப்பு அளிக்கிறது. இல்லினாய் சட்டமன்றம் அதுபோன்ற ஒரு சட்டத்தை இயற்ற வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்தால் போதாது

1963-ல் இயற்கைக் காப்பிட ஆணையத்தை அமைத்த மாநிலம் இது. இயற்கைப் பாதுகாப்பாளர் ஜார்ஜ் ஃபெல் போன்றவர்கள் அதற்காகப் பாடுபட்டார்கள். காப்பிடமாக அர்ப்பணிக்கப்பட்ட நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க வேண்டுமானால், தவிர்க்கவே முடியாத பொதுத் தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். ஆணையமும் ஆளுநரும் ஒப்ப வேண்டும். நாட்டில் இத்தகைய சட்டங்களில் இது மிக உறுதியான ஒன்று.

ஆனால் அர்ப்பணிப்பு நில உரிமையாளரின் விருப்பம். விரும்பாத உரிமையாளரின் நிலம், எவ்வளவு அரியதாக இருந்தாலும், மாநில இயற்கை நிலப் பட்டியலில் பெயராக மட்டுமே நிற்கும். அந்தப் பெயர் எவ்வளவு தாங்கும் என்பதை ராக்ஃபோர்டில் பார்த்தோம். அங்கே விமான நிலைய நிலத்தில் பெல் பௌல் பிரெய்ரி இருந்தது. பனியாறு விட்டுச்சென்ற சரளையின்மேல் வளர்ந்த, உழவு படாத புல்வெளி, பட்டியலில் இடம்பெற்றது. 2017-ல் அழிவின் விளிம்பில் உள்ளதாக மத்திய அரசு அறிவித்த ரஸ்டி பேட்ச்டு வண்டுத்தேனீ 2021-ல் அங்கே காணப்பட்டது. விமான நிலைய விரிவாக்க வேலை சில காலம் நின்றது. மக்கள் கூடினார்கள், கடிதம் எழுதினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2023 மார்ச் 9 அன்று புல்டோசர்கள் அந்தப் பிரெய்ரியின் முக்கியப் பகுதியைத் தள்ளிவிட்டன.

இந்த மாநிலத்தில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1978-ல் முடிந்த மாநிலக் கணக்கெடுப்பில், கெடாமல் மிஞ்சியிருந்தது சுமார் 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த மிச்சத்தில் சரளைக் குன்றுப் பிரெய்ரிகள் தப்பியதற்குக் காரணம், ஏர் ஓட்ட முடியாத சரிவில் அவை இருந்ததுதான். ஏரிடமிருந்து தப்பியவை சரளை தோண்டும் இயந்திரத்திடம் சிக்கின.

ஆகவே கோருகிறோம்: பொது அமைப்புகளுக்குச் சொந்தமான, பட்டியலில் உள்ள எல்லா நிலங்களும் அர்ப்பணிக்கப்பட்ட காப்பிடங்களுக்கு நிகரான பாதுகாப்பைப் பெற வேண்டும். வரிப்பணத்தில் இயங்கும் ஓர் அமைப்புக்கு, மாநிலமே அரியது என்று எழுதிவைத்த நிலத்தைத் தன் முடிவால் மட்டும் அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. மாநில இயற்கை வளத் துறையுடன் நடக்கும் கலந்தாலோசனை இப்போது பெரும்பாலும் ஆலோசனையாகவே நிற்கிறது. அது கட்டுப்படுத்தும் முடிவாக வேண்டும். தனியார் உரிமையாளர்களுக்குக் கட்டளை வேண்டாம். நிலத்தை அர்ப்பணிப்பவர்களுக்குச் சொத்து வரியில் இன்னும் தாராளமான விலக்கும், விற்க விரும்பினால் நியாய விலையும் கொடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேற்பரப்பில் ஆற்றோடு தொடர்ச்சியாக இணையாத சதுப்புகளை மத்திய தூய நீர்ச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. நிலத்தடி வழியே உயிர்வாழும் ஊற்றுச் சதுப்புகளில் பல இதில் அடிபடும். நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது என்பதற்காக அது ஓடவில்லை என்று ஆகிவிடாது. சில கவுண்டிகளின் விதிகள் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கின்றன. மாநிலம் முழுமைக்கும், தனியார் நிலத்தையும் உள்ளடக்கிய சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் தேவை.

நெருப்பும் கைகளும்

பிரெய்ரியைச் சும்மா விட்டால் அது பிரெய்ரியாக நிற்காது. நெருப்பு வேண்டும். பர் ஓக்கின் தடித்த பட்டை நெருப்பைத் தாங்கவே உருவானது. புற்களின் வேர்கள் ஆழத்தில் பத்திரமாக இருக்கும். நெருப்பு நின்றுபோன இடத்தில், ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாகக் கொண்டுவரப்பட்ட பக்தார்ன் புதர் ஏறும். வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்பே துளிர்த்து, இலையுதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்பே இலை உதிர்த்து, கீழே உள்ள அனைத்தையும் நிழலில் சாகடிக்கும்.

அந்த நெருப்பைப் பல நூற்றாண்டுகள் மூட்டிக் காத்தவர்கள் போட்டவாட்டமி முதலான பூர்வகுடி மக்கள். 1833 சிகாகோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் இந்த நிலத்தை விட்டு மேற்கே போகக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இப்போது காப்பிடங்களில் எப்போது, எப்படி எரிப்பது என்று திட்டமிடும் மேசையில் அவர்களுடைய சந்ததியினருக்கு இடம் தரப்பட வேண்டும். அழைப்பிதழ் அனுப்பி ஒரு விழாவில் பேசவைப்பது போதாது. முடிவெடுப்பதில் இடம் வேண்டும்.

சிறிய காப்பிடத்தில் எரிப்புக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பால்டிமோர் செக்கர்ஸ்பாட் வண்ணத்துப்பூச்சி டர்ட்டில்ஹெட் செடியில் முட்டையிடும். சுவாம்ப் மெட்டல்மார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு சுவாம்ப் திசில் என்ற முள்செடியை நம்பி வாழும். புழுக்கள் குளிர்காலத்தைச் சருகுகளிடையே கழிக்கின்றன. முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் எரித்தால், மீண்டு வந்து குடியேற அருகில் வேறு கூட்டம் இல்லை. பகுதி பகுதியாக, ஆண்டுக்கொன்றாக எரிக்க வேண்டும். களையெடுக்க வருபவர்களுக்கு, எந்த முள்செடி அந்நியக் களை, எது வண்ணத்துப்பூச்சியின் வீடு என்று முதல் நாளே காட்டிக்கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணம் வேண்டும். 2022 நவம்பரில் குக் கவுண்டி வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர், வனக் காப்பகங்களுக்காகச் சொத்து வரியைக் கூட்டிக்கொள்ளச் சம்மதித்து வாக்களித்தார்கள். விலைவாசி ஏறியிருந்த ஆண்டில், தங்கள் வரியைத் தாங்களே உயர்த்திக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் உரிய பங்கு இத்தகைய சிறிய காப்பிடங்களுக்கு வந்துசேர வேண்டும். ஊற்றுகளின் மட்டத்தையும் குளோரைடையும் அளக்கும் கருவிகளுக்கு அதில் நிலையான ஒதுக்கீடு வேண்டும். மாநில இயற்கைக் காப்பிட ஆணையத்தில் காலியாகும் கள அலுவலர் இடங்கள் தாமதமின்றி நிரப்பப்பட வேண்டும். தன்னார்வலர்கள் முதுமை அடைகிறார்கள். எந்தச் செடி எந்தச் சரிவில் நிற்கிறது என்ற அவர்கள் அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. இளையவர்களைச் சம்பளம் கொடுத்து அவர்களோடு நடக்கவிடுங்கள்.

பூச்சிமருந்து பற்றி ஒரு சொல். இல்லினாயில் உள்ளாட்சிகள் பூச்சிமருந்துக்குத் தனி விதி இயற்ற மாநிலச் சட்டம் தடை விதிக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் அந்தத் தடை இல்லை. குக் கவுண்டிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. காப்பிட எல்லையை ஒட்டிய புல்தரைகளிலும் கொசு மருந்துத் தெளிப்பிலும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

எங்களுக்கு நாங்களே வைக்கும் கோரிக்கை

எல்ஜினிலும் ஷாம்பர்கிலும் ஹாஃப்மன் எஸ்டேட்சிலும் நேப்பர்வில்லிலும் அரோராவிலும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. பொங்கலுக்கு மண்டபம் நிறைகிறது. தமிழ்ப் பள்ளிகளில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் வீட்டிலிருந்து காரில் எளிதில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் இந்தக் குன்றுகளை நம்மில் மிகச் சிலரே பார்த்திருக்கிறோம். நம் குழந்தைகள் நெய்தலையும் முல்லையையும் பாடத்தில் படிக்கிறார்கள். அவர்கள் பிறந்து வளரும் நிலத்தின் திணை பிரெய்ரியும் பர் ஓக் சோலையும் ஊற்றுச் சதுப்பும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தமிழ்ப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பையாவது இங்கே நடத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

வீட்டு வாசலில் உப்பு போடுமுன் பனியைத் தள்ளுங்கள். 12 அவுன்ஸ் பிடிக்கும் காபிக் கோப்பை ஒன்று நிறைய உப்பு, 20 அடி நீள வீட்டு கார்ப் பாதைக்குப் போதும். தூவியபின் காய்ந்த தரையில் உப்பு மிச்சம் கிடந்தால் பெருக்கி எடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுமனைச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் போவதில்லை. அங்கேதான் உப்பு ஒப்பந்தமும் புல்தரை உர ஒப்பந்தமும் முடிவாகின்றன. உரத்தின் நைட்ரேட்டும் அதே சரளை வழியே இறங்கி, ஊட்டச்சத்து குறைந்த நீரையே நம்பி வாழும் செடிகளின் காலடிக்குப் போகிறது. தோட்டத்தில் பக்தார்ன் இருந்தால் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பர் ஓக் கன்றை நடுங்கள்.

காப்பிடத்துக்கு வரும்போது பாதையை விட்டு இறங்காதீர்கள். கசிநிலத்தில் பதிந்த ஒரு காலடி பல காலம் ஆறாது. நாயை வீட்டில் விட்டு வாருங்கள். பூவைப் பறிக்காதீர்கள். ஆர்க்கிட் பூத்த இடத்தைப் படம் எடுத்தால், இடத்தைக் காட்டும் விவரத்தை நீக்கிவிட்டுப் பகிருங்கள்; கிழங்கோடு தோண்டிச் செல்பவர்கள் அப்படித்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தோண்டிய செடி தொட்டியில் பிழைப்பதும் அரிது, ஏனெனில் அது மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையை நம்பி வாழ்வது. தன்னார்வப் பணி நடக்கும் நாட்களில் வந்து கைகொடுங்கள். கையுறையும் கத்தரியும் பெரும்பாலும் அங்கேயே தருவார்கள். செடியைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்லித்தருவார்கள்.

இவற்றை ஒரே ஆண்டில் நிறைவேற்ற முடியாது என்பதை அறிவோம். சட்டத் திருத்தத்துக்குச் சட்டமன்றக் கூட்டத்தொடர் வேண்டும். வரைபடத்துக்குக் களப்பணி வேண்டும். ஆனால் குறை உப்பு மண்டலத்தை அறிவிக்கவும், தூவும் வண்டிகளின் அளவைச் சரிபார்க்கவும், ஊற்றின் குளோரைடை அளக்கத் தொடங்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இவை மூன்றும் வரும் நவம்பரில் முதல் உப்பு வண்டி கிளம்புமுன் நடந்தாக வேண்டும். நகர மன்றமும் கவுண்டி நிர்வாகமும் இதுகுறித்து ஒரு பொதுக் கூட்டம் கூட்டி, நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம், மறுக்கிறோம், காரணம் இது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் குழந்தைகளோடு வருவோம்.

இப்படிக்கு,
ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள்